இறந்த காலத்தில் விடைபெறும் ஊர்

மூன்று நாள் என்று சொல்லிப் போனவள் முப்பத்தாறு நாள் தங்கிவிட்டாள் என்றால், எவனோ ஒருவன் இருக்கிறான் என்றுதான் கோவில்பட்டியில் நினைப்பார்கள், நினைக்கவும் செய்தார்கள். ஆனால் செண்பகவல்லி கொரேத்தி என்ற அந்த மலையூரில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் எவனும் இல்லை, ஒன்பது வயதிலிருந்து அவள் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டே இரண்டு சொற்கள்தான்.

கொரேத்தி இருப்பது ஜார்ஜியாவில். ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது கருங்கடலுக்குப் பக்கத்தில் காக்கசஸ் மலையடியில் இருக்கிற சின்ன நாடு. மலையைக் குடைந்த ஒரு சுரங்கப்பாதை, அதைத் தாண்டினால் ஒரு ஆறு, ஆற்றைத் தாண்டினால் மேட்டில் ஒரு தேவாலயம், தேவாலயத்துக்குக் கீழே ஒரே ஒரு தெரு, தெருவின் தலைப்பில் ஒரு ரொட்டிக்கடை, அவ்வளவுதான் ஊர். ஸ்கேன் சென்டரில் ஏழு வருஷம் லீவே போடாமல் வேலை பார்த்து, முப்பத்தொரு வயதில் முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, பைக்குள் நாலு மாற்றுத்துணியும் ஒரு டப்பா இட்லிப்பொடியுமாகத் தனியே ஊர் சுற்றக் கிளம்பிய செண்பகம், புரட்டாசி மாதத்தின் ஒரு மத்தியானத்தில் அந்தச் சுரங்கத்தைத் தாண்டி மினிபஸ்ஸில் வந்து இறங்கினாள்.

இறங்கியவள் முதலில் கவனித்தது பூட்டிய வீடுகளை. மூன்று வீட்டுக்கு இரண்டு வீடு பூட்டு. போனவர்கள் இத்தாலிக்கும் போலந்துக்கும் கிழவர்களைப் பார்த்துக்கொள்ளவும் தக்காளி பறிக்கவும் போயிருந்தார்கள், ஒருத்தரும் திரும்பியதில்லை. அடுத்ததாக அவள் கவனித்தது, அந்த ஊர்க்காரர்கள் விடைபெறும்போது சொல்லும் சொல்லை. "த்ஸவேதி" என்பார்கள். 'போய்விட்டேன்' என்று அர்த்தம். இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்கள், செருப்பில் கால் நுழைந்திருக்காது, அதற்குள் போய்விட்டேன். நம்மூர் இலக்கணத்தில் அந்தக் காலத்துக்கு என்ன பெயர் என்று யோசித்த செண்பகம், விடை வந்ததும் யோசனையை அங்கேயே நிறுத்திக்கொண்டாள்.

ரொட்டிக்கடைக்காரர் பெயர் குராம். தரையில் கிணறு மாதிரி இறங்கும் மண் அடுப்பு, அதற்குள் இடுப்பு வரை தலைகீழாகக் குனிந்து சுவரில் மாவை ஒட்டி, படகு வடிவத்தில் ரொட்டி எடுப்பார். வெளிநாட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது? அண்ணாச்சி என்று கூப்பிட வயது கூடுதல், தாத்தா என்று கூப்பிட மீசை கறுப்பு, பேர் சொல்லிக் கூப்பிட அம்மா வளர்க்கவில்லை. ஆகவே, "மாமா, ஒரு ரொட்டி" என்று விரலைக் காட்டினாள். அடுப்புக்குள்ளிருந்து தலையை எடுத்த குராம், நெருப்பு முகத்தில் அடிக்க, அப்படியே நின்றுவிட்டார். அந்த நாட்டு மொழியில் மாமா என்றால் அப்பா. அவருடைய ஒரே மகள் லியா த்ஸவேதி சொல்லிவிட்டு இத்தாலிக்குப் போய்ப் பதினோரு வருஷம். ஞாயிற்றுக்கிழமை போனில் தவிர அந்தச் சொல்லை அவர் கேட்டதில்லை. அன்றைக்கு ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். செண்பகத்துக்கு விஷயம் புரியப் பத்து நாள் ஆயிற்று. புரிந்த பிறகு மாற்றிக் கூப்பிட அவளுக்கும் மனசு வரவில்லை.

தங்கியது எத்தேரி வீட்டு மாடியில். எத்தேரி ஐம்பது வயதுக்காரி, பள்ளிக்கூடத்தில் இலக்கணம் நடத்தியவள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடிய பிறகு மாடியை வாடகைக்கு விட்டுக்கொண்டு, ஓயாமல் சிகரெட் பிடித்துக்கொண்டு, திருத்துவதற்கு நோட்டுகள் இல்லாத எரிச்சலில் கடைப் பலகைகளின் எழுத்துப்பிழைகளைத் திட்டிக்கொண்டு இருந்தாள். அவர்கள் பேசியது அவர்கள் பாஷை, செண்பகத்தின் போன் அதை மொழிபெயர்த்தது செய்தி வாசிக்கிற தமிழில், நான் சொல்லப்போவது நம் பேச்சில். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று செண்பகம் நாலாம் நாள் பையைக் கட்டியபோது, "திராட்சை அறுப்பு நேரத்துல எவளாவது ஊரை விட்டுப் போவாளா? ஏறு தொட்டியில" என்று எத்தேரி அதட்டினாள். ஏறினாள். முழங்கால் வரை திராட்சையில் மிதித்து, மிதித்து, பக்கத்து வீட்டு மனானாவிடம் பால் கறக்கப் படித்து, மினிபஸ் டிரைவர் ஸாஸாவோடு சீட்டாடித் தோற்று, இட்லிப்பொடியை ரொட்டியில் தடவி ஊர் முழுக்கக் கண்ணீர் விடவைத்து, பதினேழு நாள் போனதே தெரியவில்லை.

அதற்கு மேல் தங்க வழியில்லை. கோவில்பட்டியில் அவள் அக்கா சொர்ணத்துக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இரண்டு தடவை கைக்கு வராமல் போன பிறகு, மூன்றாவதாக ஒன்று தங்கியிருந்தது. ஐப்பசி மூன்றாம் வாரம் என்று நாள் சொல்லியிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் குவைத்தில். "நீ தலைமாட்டுல நிக்கணும்ட்டி, நீ நின்னாத்தான் எனக்குத் தெம்பு" என்று சொர்ணம் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தாள்.

ஆகவே பதினெட்டாம் நாள் காலை, பையை மாட்டிக்கொண்டு ரொட்டிக்கடை வாசலில் நின்று, "மாமா, போயிட்டு வாரேன்" என்றாள். மினிபஸ்ஸில் ஏறினாள். பஸ் ஆற்றைத் தாண்டியது, சுரங்கத்துக்குள் நுழைந்தது, இருட்டில் ஓடியது, வெளிச்சத்துக்கு வந்தபோது ரொட்டிக்கடை வாசலில் நின்றது. அடுப்பிலிருந்து தலையை எடுத்த குராம் அவளைப் பார்த்து, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல ஒரு ரொட்டியை நீட்டினார். ஸாஸா வண்டியைத் திருப்பி மறுபடியும் ஓட்டினான். மறுபடியும் ரொட்டிக்கடை. மூன்றாம் தடவை, நகரத்தில் பல் பிடுங்க நாள் வாங்கியிருந்த ஒரு கிழவி, "அந்தப் பொண்ணை இறக்கிவிட்டுப் பாரு" என்றாள். இறக்கிவிட்டார்கள். பஸ் நேரே நகரத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் எத்தேரியிடம் சொல்லிக்கொண்டு நடந்தே போனாள். சுரங்கத்தின் மறுவாயில் எத்தேரியின் சமையலறையில் இருந்தது. அதற்கு மறுநாள் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலையில் நழுவப் பார்த்தாள். பால் கறந்துகொண்டிருந்த மனானா கூப்பிட்டு வழிக்குப் பாலாடைக்கட்டி கொடுக்க, வாங்கிக்கொண்ட கைக்கு வாய் பதில் சொல்லாமல் இருக்குமா, போயிட்டு வாரேன் என்றுவிட்டது. சுரங்கத்தைத் தாண்டியவள் மாட்டுக்கொட்டகையில் நின்றாள். மாடு அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்றது.

அந்த ஊரில் இதைப் பற்றி யாரும் மூக்கில் விரலை வைக்கவில்லை. கொரேத்தியில் விடைபெறும் சொல் எப்போதுமே சொன்னபடி நடந்துவந்திருக்கிறது. ஊர் முழுக்கக் காலகாலமாக ஒரே சொல்லைச் சொல்லி, போய்விட்டேன் என்று சொல்லிப் போனவர்கள் எல்லாம் சொன்னபடியே போய்விட்டதால், அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. எத்தேரிக்குத்தான் உறைத்தது. "நீ சொல்றதுக்கு என்ன அர்த்தம், சொல்லு" என்று செண்பகத்தை உட்காரவைத்துக் கேட்டாள். போய், பிறகு வருகிறேன். "யாருகிட்ட வர்றே?" யாரிடம் சொல்கிறேனோ அவர்களிடம். எத்தேரி புகையை ஊதினாள். "அதான் நடக்குது. வாக்கியத்துல பிழையே இல்ல."

அதற்குப் பிறகு ஊருக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. அத்தனை பேரும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொள்ள வந்தார்கள். 'பொய்ட்டு வாரென்' என்று சிலர், 'போயித்து வாரேம்' என்று சிலர், எப்படிச் சொன்னாலும் பலித்தது. மேய்ச்சலுக்குப் போகும் கணவனுக்கு மனானா சொல்லிக்கொடுத்து அனுப்ப, ஆடுகளோடு மலையேறியவன் சாயங்காலம் ஆடுகளோடு அவள் அடுப்படியில் நின்றான். புருஷனோடு சண்டை போட்டுத் தாய்வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பிய நீனோ என்பவள், புதுப்பழக்கத்தில் வாய் தவறி அதையே சொல்லிவிட்டு, ஒரே நாளில் மூன்று தடவை புருஷன் முன்னால் வந்து நின்றாள். மூன்றாம் தடவை அவளுக்கே சிரிப்பு வந்து பெட்டியைப் பிரித்துவிட்டாள். மீட்டர் பார்க்க வரும் மின்சார ஆபீஸ்காரர் காதில் மட்டும் இந்தச் சொல் விழவே கூடாது என்று ரொட்டிக்கடையில் கூடி ஏகமனதாக முடிவு செய்தார்கள்.

ஆசை யாரை விட்டது? பூட்டிய வீட்டுக்காரர்களுக்கெல்லாம் போன் போயிற்று. இத்தாலியிலிருந்தும் போலந்திலிருந்தும் பெண்களும் ஆண்களும் சமையலறைகளில் நின்று, தோட்டங்களில் நின்று, போயிட்டு வாரேன், போயிட்டு வாரேன் என்று போனில் சொன்னார்கள். ஒருத்தரும் வரவில்லை. கொரேத்தியை விட்டுக் கிளம்பும்போது சொல்லியிருக்க வேண்டியதை இத்தாலியில் நின்று சொல்லி என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை லியாவும் சொன்னாள். "போயிட்டு வாரேன், மாமா." குராம் அன்றைக்குக் கடைக்கதவைச் சாத்தவே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் தானே எழுந்து சாத்தினார். அதைப் பார்த்த செண்பகத்துக்கு அழுகை வந்தது.

இதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. சொர்ணம் போனில், "டாக்டரம்மா நாள் கிட்டக்க இருக்குங்காங்கட்டி. ரத்தக்கொதிப்பு வேற. நீ வருவேல்லா?" என்றாள். அக்காவின் குரலில் இரண்டு பழைய பயங்களும் இருந்தன. "வாரேன்க்கா, வாரேன்" என்றாள் செண்பகம். வழி என்னவோ பட்டப்பகல் மாதிரி தெளிவாக இருந்தது. ஊர்க்காரர்களைப்போல த்ஸவேதி என்றோ, தமிழிலேயே போறேன் என்றோ ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுரங்கம் அவளை விட்டுவிடும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை, எதிரே ஒரு ஆள் நின்றால் வாயை மூடிக்கொண்டு போகவும் வரவில்லை. பஸ் படியில் நின்று நாக்கை மடித்து, உதட்டைக் கூட்டி, த்ஸ, த்ஸ என்று இருமி, கடைசியில் போயிட்டு வாரேன் என்று முடித்தாள். ஸாஸா என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

"ஒரு வார்த்தை. என்னதான் கஷ்டம் உனக்கு?" என்று எத்தேரி கத்தினாள்.

செண்பகம் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது. அப்பா தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரி. ஒரு காலையில் குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாய்த்தகராறு. "சரி, நான் போறேன்" என்று அப்பா சைக்கிளை எடுத்தார். அம்மா கோபத்தில் அடுப்படியிலிருந்து பதில் சொல்லவில்லை. சாத்தூர் ரோட்டில் லாரி. அம்மா லாரிக்காரனைக்கூட மன்னித்துவிட்டாள், அந்தச் சொல்லை மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் போறேன் என்று சொன்னது கிடையாது. கடைக்குப் போனாலும், கக்கூஸுக்குப் போனாலும், போயிட்டு வாரேன்தான்.

கடைவாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்ட குராம் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "அவ அதைச் சொல்ல வேண்டாம்" என்றார். "அதைச் சொல்லிட்டு நாடு விட்டுப் போனவங்க யாரு திரும்பி வந்தா? எனக்கு அந்தச் சொல்லை ரெண்டாந்தரம் கேக்க முடியாது." அவள் ஒவ்வொரு தடவை திரும்பி வந்தபோதும் தனக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியதையும், அந்தப் பிரசவக்காரியை நினைத்தால் அந்தச் சந்தோஷம் வெட்கமாக இருப்பதையும் அப்போதே சொல்லிவிட்டார். மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாத மனுஷன்.

இரண்டு நாள் எத்தேரி அந்தச் சொல்லை நோட்டில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டு சிகரெட் பிடித்தாள். மூன்றாம் நாள் காலையில் செண்பகத்தை எழுப்பி, "போறவங்க போயிட்டு வாரேன்னு சொல்றாங்க. இருக்கறவங்க என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள்.

"போயிட்டு வாங்க."

"அப்போ இருக்கறவ 'போறேன்'னும் சொல்ல வேண்டாம், 'வாரேன்'னும் சொல்ல வேண்டாம். சரிதானே?"

"சரிதான். ஆனா நான்தானே போகணும்?"

"யாரு சொன்னா?" என்றாள் எத்தேரி. "நீ இரு. நாங்க போறோம்."

அன்றைக்கே ரொட்டிக்கடையில் ஊர் கூடியது. திட்டம் சின்னதுதான். செண்பகம் கடைவாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஊர்க்காரர்கள் அவளிடம் விடைபெற்றுக்கொண்டு மேட்டுக்குப் பின்னால் போய்விடுவார்கள். விடைகொடுத்து முடித்த வாய்க்கு மேற்கொண்டு சொல்ல எதுவும் இருக்காது. தெருவில் ஒருத்தரும் இல்லாதபோது, சொல்லிக்கொள்ள ஆளே இல்லாதபோது, அவள் பேசாமல் பஸ் ஏறிவிட வேண்டியது. "ஆனா நல்லா யோசிச்சுக்குங்க," என்றாள் எத்தேரி. "சொன்னா பலிக்கும். யாருகிட்ட சொல்றோமோ அவங்ககிட்ட வந்தாகணும். அவ எந்த ஊர்ல இருந்தாலும். எப்போன்னு தெரியாது, எப்படின்னும் தெரியாது. நான் சொல்லப்போறேன்."

மனானா, "என் மாட்டை யாரு பாப்பா? நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்துடறேன்" என்று சொல்லும்போதே அழுதாள். நீனோ புருஷனைப் பார்த்தாள், அவன் தலையாட்டினான், இருவரும் சொல்வதாக ஒத்துக்கொண்டார்கள். பல் பிடுங்கிய கிழவி, கோவில்பட்டி எவ்வளவு தூரம் என்று கேட்டுவிட்டு, அதற்குள் செத்துப்போகாமல் இருப்பதற்கு இது நல்ல உபாயம் என்று சேர்ந்துகொண்டாள். இப்படி ஒன்பது பேர் ஆனார்கள், மற்றவர்கள் மனானாவைப்போலக் கதவைச் சாத்திக்கொள்வதாகச் சொன்னார்கள். குராம் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதினோரு வருஷமாகச் சுரங்கத்தைத் தாண்டியதே இல்லை. லியா என்றைக்காவது வந்து, கடை பூட்டியிருந்தால்? எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் பிசைந்து வைத்த மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி மனானா கையில் கொடுத்தார். "நான் இல்லாத நேரத்துல லியா வந்தா, இதைக் குடு. மாவு எங்க இருக்குன்னு அவளுக்குத் தெரியும்."

முப்பத்தாறாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, வெயில் மேட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிய நேரத்தில், செண்பகம் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். கிழவி வந்து போயிட்டு வாரேன் என்றாள். நீனோ வந்து சொன்னாள், அவள் புருஷன் வந்து சொன்னான். ஒவ்வொருத்தராக வந்து, கன்னத்தில் முத்தமிட்டு, தப்பும் தவறுமாகச் சொல்லி, மேட்டில் ஏறி மறைந்தார்கள். "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க" என்று ஒவ்வொருத்தருக்கும் செண்பகம் சொன்னாள். எப்போதும் போயிட்டு வாரேன் சொல்பவளாகவே இருந்த ஒருத்தி முதல்தடவையாக வீட்டுக்காரியானாள். எத்தேரி, வாரேனின் நெடிலைச் சரியாக நீட்டிச் சொல்லிவிட்டு, பிழை இல்லையே என்று கேட்டாள். இல்லை என்றாள் செண்பகம்.

குராம் கடைசியாக வந்தார். அந்த நாட்டில் அப்பா பிள்ளையையும் மாமா என்றே கொஞ்சுவார். நம்மூரில் அப்பா மகளை என்னம்மா என்று கூப்பிடுவதில்லையா, அதுபோல. மாவு படிந்த கையை அவள் தலையில் வைத்து, "போயிட்டு வாரேன், மாமா" என்றார்.

"போயிட்டு வாங்க, மாமா" என்றாள் அவள்.

அவர் மேட்டில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மனானாவின் சாத்திய கதவுக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. செண்பகம் எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் பஸ்ஸில் ஏறினாள். ஸாஸாவும் வாயைத் திறக்கவில்லை. ஆறு போயிற்று, சுரங்கம் வந்தது, இருட்டு வந்தது, வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தில், அவள் வந்த அன்றைக்குப் பார்த்த பெட்ரோல் பங்க் இருந்தது. இருவரும் ஓ என்று கத்தினார்கள். விமான நிலையத்தில் இறங்கும்போது, "வாரேன் ஸாஸாண்ணே" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கொரேத்தியின் சட்டம் சுரங்கத்தோடு சரி, ஒன்றும் ஆகவில்லை.

சொர்ணத்துக்கு வலி எடுத்த அன்று அவள் தலைமாட்டில் செண்பகம் நின்றாள். கத்தி வைத்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, வந்ததும் வராததுமாக ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதது. சொர்ணம் மயக்கம் தெளிந்து கேட்ட முதல் வார்த்தை, "அழுததாட்டி?" என்பதுதான். "இன்னும் நிறுத்தலக்கா" என்றாள் செண்பகம், அவளும் நிறுத்தாமல்.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், குராம் வந்தார். அடுப்புக்கு விறகு எடுக்கக் கடையின் பின்கதவைத் திறந்தவர், கோவில்பட்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் காலை வைத்தார்; இடுப்பில் மாவுத்துணி, கையில் காகிதத்தில் சுற்றிய சூடான ரொட்டி. வாட்ச்மேன் பாஸ் கேட்டார். நர்ஸம்மா செருப்பைக் கழற்றச் சொன்னார். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றவரை அம்மா மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருட்டி இது?"

"மாமாம்மா" என்றாள் செண்பகம். மாமா என்று காதில் விழுந்ததும் குராம், என்ன மகளே என்பதுபோல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மாவுக்கு அது போதவில்லை. "எந்த வழியில மாமா?"

செண்பகம் யோசித்தாள். மேட்டு வழியா, சுரங்க வழியா, பின்கதவு வழியா? "சொன்ன வழியிலம்மா" என்றாள். சொர்ணம் தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்த மனுஷனை நிற்கவைத்து விசாரிப்பது அழகா? "உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டாள். குராம் குழந்தையைக் கையில் வாங்கி, மாவு ஒட்டிய மீசையோடு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பிட்டு இட்லிப்பொடியில் தொட்டு எல்லாரும் தின்றார்கள்.

சாயங்கால ரொட்டிக்கு மாவு புளித்திருக்கும், யாராவது வந்து கடையைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடும் என்று அவர் எழுந்தார். வாசல் வரை போனவர் பழைய பழக்கத்தில், "த்ஸவே..." என்று தொடங்கி, நிறுத்தி, செண்பகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு நேரே திரும்பினார்.

"போயிட்டு வாரேன்" என்றார்.

அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வராந்தா முனை வரை அவர் பின்னாலேயே நடந்தாள். அவர் மாடிப்படி திரும்பி மறைகிற வரைக்கும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போயிட்டு வாங்க" என்றாள். படியில் ஆள் இல்லாமல் போன பிறகு, இன்னும் கொஞ்சம் உரக்க, இன்னொரு தடவை சொன்னாள்: "போயிட்டு வாங்க."